அடுத்த ஆள் வரும்வரை

இது கதை இல்லை. எனக்கு நடந்தது.

நான் யார் பேச்சையும் லேசில் நம்புகிறவன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவன். கிளீனர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் நானே இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். எத்தனை ராத்திரி, எத்தனை காட்டு ரோடு. ஒரு பேயும் என் வண்டிக்குக் கை காட்டியதில்லை.

நான் பார்த்தது மத்தியானத்தில். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இடம் ஆஸ்பத்திரி.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் போய், அதையே மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டது. வெளியே வந்தபோது அழவில்லை. நீலம் பாய்ந்து கிடந்தது. மூச்சு மெஷின் வைத்தார்கள், அதுவும் பற்றவில்லை. உடனே ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மகள் அறுத்த வயிற்றோடு அங்கேயே கிடந்தாள். மருமகன் அவளுக்குத் துணை. அவள் அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. ஆக, குழந்தையோடு வந்தவன் நான் ஒருத்தன்தான். பேர்கூட வைக்கவில்லை. நான் பொடிசு என்று கூப்பிட்டேன்.

டாக்டரம்மா ஒரு மெஷினைக் காட்டினார். பொடிசின் நுரையீரல் சேறு அப்பிய மாதிரி இருக்கிறதாம். அதற்குச் சில நாள் ஓய்வு வேண்டுமாம். அதுவரை கழுத்தில் ரெண்டு குழாய் போட்டு ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உள்ளே அனுப்புவார்களாம். அப்போ குழந்தை மூச்சு விடாதா என்று கேட்டேன். அதுக்குப் பதிலா மெஷின் விடும் என்றார்.

கையெழுத்துப் போட்டேன். நம்பிப் போடவில்லை. போக்கிடம் இல்லாமல் போட்டேன்.

அன்றிலிருந்து அந்த ரூமுக்கு வெளியே, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பிடப் போவது, ஒண்ணுக்குப் போவது தவிர எழுந்திருக்கவில்லை. உள்ளே குழந்தை என்று பொடிசு மட்டும். என் ரெண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும், அவ்வளவுதான். கழுத்திலிருந்து ரெண்டு குழாய். ஒன்றில் கறுத்த ரத்தம், பழைய இன்ஜின் ஆயில் மாதிரி. இன்னொன்றில் பளிச்சென்று சிவப்பு. ரெண்டும் ஒரே நிறமாகிவிட்டால் குழந்தைக்குக் காற்று போகவில்லை என்று அர்த்தம். இதை நான் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்புறம் என் கண் அந்தக் குழாய்களை விட்டு நகரவில்லை.

பொடிசின் நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையின் நெஞ்சு அசையாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பதே நல்லது.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் எப்போதும் ஒரு ஆள். நர்ஸ் இல்லை, மெஷினுக்கு என்றே படித்த ஆள். மாறி மாறி ரெண்டு பேர். ஒருவருக்கு நான் வைத்த பேர் தொப்பை. இன்னொருவன் ஒல்லி. தொப்பை வயதில் மூத்தவர், நல்ல மனுஷன். நான் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தூங்குறேனான்னு பார்க்கறீங்களா பெரியவரே என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லாப் பாருங்க என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மெஷினின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. கரண்ட் போனால் பேட்டரி. பேட்டரியும் போனால் கை. அதைச் சுற்றினால் ரத்தம் ஓடும். அந்தக் காலத்து லாரியை முன்னால் நின்று கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவோம், அது மாதிரி. இத்தனை லட்சத்து மெஷினுக்குக் கடைசியில் இதுதானா என்று தொப்பையிடமே கேட்டேன்.

அந்தக் கைப்பிடியை வைத்து அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஆள் மாறும்போது, வருகிறவன் முதலில் கைப்பிடியில் கை வைக்க வேண்டும். "நான் பார்த்துக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருக்கிறவன் "பார்த்துக்கோ" என்பான். அப்புறம்தான் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பான். அவசரமானாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி.

கல்லாச் சாவியை மாற்றிக்கொள்ளும் முதலாளி வீட்டுப் பங்காளிகள் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணினேன். தொப்பை சிரிக்கவில்லை.

"அவன் இருக்கான்னு இவன் நினைப்பான். இவன் இருக்கான்னு அவன் நினைப்பான். நடுவுல யாரும் இருக்க மாட்டாங்க பெரியவரே."

அது எனக்குப் புரிந்தது. பள்ளத்தில் உருண்ட வண்டிகளில் பாதி அப்படி உருண்டதுதான்.

அது நடந்த அன்றைக்குக் காலையிலிருந்தே தொப்பைக்கு வயிறு சரியில்லை. முகம் வெளுத்துப்போய் நெளிந்துகொண்டிருந்தார். ஒரு மணிக்கு ஒல்லி வர வேண்டும். மாடிக்கு லிஃப்டில் வந்து, கை கழுவி, எதிர்ப்பக்கம் இருக்கிற ஊழியர் கதவு வழியாக உள்ளே வருவான். அந்தக் கதவில் மங்கல் கண்ணாடி. திறந்தால் 'ஸ்ஸ்ஸ்...' என்று டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்தை வைத்து ஆள் வருவதைச் சொல்லிவிடுவேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி 12.55.

தொப்பை திடீரென்று அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொன்னார். எழுந்தார். என் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி என்னைத் தாண்டி ஓடினார். ஆள் வந்தாச்சு, ஆள் வந்தாச்சு என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது.

நான் உள்ளே பார்த்தேன்.

ஸ்டூல் காலி.

எதிர்க் கதவு மூடியிருந்தது. 'ஸ்ஸ்ஸ்...' கேட்கவே இல்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து நின்று கண்ணாடியைத் தட்டினேன். இவங்க சட்டமெல்லாம் நாம பார்க்கிற வரைக்கும்தானா என்று வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். யாருக்குக் கேட்டது?

அப்போது கரண்ட் போனது.

டப்.

விளக்கு, ஏசி, எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அந்தக் கட்டடம் அதுவரை எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து ஹாலில் மூச்சு மெஷினில் நிறையக் குழந்தைகள். நர்சுகள் அத்தனை பேரும் அங்கே ஓடினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ரப்பர் பலூனைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். பொடிசின் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. ஏன் திரும்பப் போகிறார்கள்? அங்கேதான் எப்போதும் ஒரு ஆள் இருப்பாரே.

அவன் இருக்கான்னு இவன் நினைப்பான்.

உள்ளே மெஷின் கத்த ஆரம்பித்தது. 'பீ... பீ... பீ...' பேட்டரி. அப்பாடா என்றிருந்தது.

'பீ... பீ...'

'பீ...'

அதுவும் நின்றது.

ஜெனரேட்டர் வரும், வரும் என்று நின்றேன். வரவில்லை. என் பக்கக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தேன். செருப்பைக் கழற்றவில்லை, அங்கி போடவில்லை. ஜன்னல் திரை மூடியிருந்ததால் ரூம் பாதி இருட்டு. அதற்குள் புழுக்கம் ஏறிவிட்டது. எப்படிச் சுற்றுவது, எந்தப் பக்கம் சுற்றுவது, ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சுற்றாவிட்டால் பிள்ளை செத்துவிடும் என்பதுதான்.

ரெண்டு எட்டு வைத்திருப்பேன்.

'கிர்ரக்... கிர்ரக்... கிர்ரக்...'

நின்றேன்.

ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உயிர் வந்தது. ஆமாம், பயம் வரவில்லை, உயிர்தான் வந்தது. எந்தப் பக்கமாகவோ ஒரு ஆள் வந்துவிட்டாள். அது போதும். குழாயைப் பார்த்தேன். ஒன்று கறுப்பு. ஒன்று சிவப்பு. நல்ல சிவப்பு.

அவள் முழங்கை மட்டும் வட்டம் போட்டது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனுஷன் சுற்றினால் ஒரு சுற்றாவது முன்னே பின்னே இருக்கும். இவள் சுற்றுவது கடிகாரம் மாதிரி இருந்தது.

நீ யாரும்மா, எந்தப் பக்கமா வந்தே என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

அங்கே எல்லோரும் நீல உடுப்பு. இவள் போட்டிருந்தது பச்சை. வெளுத்து வெளுத்துச் சாயம் போன பச்சை.

எனக்கு வேர்வை வழிந்து கண்ணை எரித்தது. இவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

வாயில் துணி முகமூடி. பேசுகிற தூரத்தில் நிற்கிறேன். மூச்சு இழுத்தால் முகமூடி உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். இத்தனை நாளாக அங்கே வருகிறவர் போகிறவர் எல்லோருடைய மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அவள் முகமூடி அசையவில்லை.

உற்றுப் பார்த்தேன்...

அசையவே இல்லை.

பொடிசின் நெஞ்சைப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. அதற்காவது மெஷின் மூச்சு விடுகிறது.

இவளுக்கு?

கீழே பார்த்தேன். கால் இருந்தது. ரெண்டும் இருந்தது. தரையிலும் பட்டது. கால் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கிழவன் புத்தி.

"கை வலிக்கலையாம்மா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டது.

"இப்ப வலிக்கிறதில்லை."

"எவ்வளவு நேரமா சுத்துறே?"

"அடுத்த ஆள் வரலை."

'கிர்ரக்... கிர்ரக்...'

ஓடியிருக்கலாம். கதவு என் முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அந்தச் சிவப்புக் குழாய் இவள் கையில் இருக்கிறது. நான் ஓடி, இவளும் போய்விட்டால்? மனுஷப் பிறவி இல்லாத ஒன்றை நம்பி என் பேத்தியை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டி எடுக்காதவன் நான்.

"தள்ளு. நான் சுத்தறேன்."

அவள் திரும்பினாள். கண்ணை மட்டும் பார்த்தேன். அந்தக் கண்ணில் கெட்டது எதுவும் இல்லை. தூக்கம் இருந்தது. ரொம்ப ரொம்ப நாள் தூக்கம்.

"கையை வைங்க."

வைத்தேன். அவள் கை மேல் என் கை பட்டது. பனியில் நிறுத்தின வண்டியின் இரும்பு மாதிரி இருந்தது. என் கையும் அதோடு சேர்ந்து சுற்றியது.

"சொல்லுங்க."

"என்னத்தை?"

"சொன்னாத்தான் நான் எழுந்திருக்க முடியும்."

தெரியும். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

"நான்... பார்த்துக்கிறேன்."

முகமூடி அசைந்தது.

ஒரே ஒரு தடவை. வெளியே. ஒரு நீள மூச்சு.

"பார்த்துக்கோங்க."

என் கைக்கு அடியில் இருந்த குளிர் போய்விட்டது. கைப்பிடி திடீரென்று கனத்தது. ஸ்டூலில் யாரும் இல்லை. கதவுச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்க நேரமும் இல்லை.

சுற்றினேன்.

தோள்பட்டை எரிந்தது.

சிவப்பு மங்கியது. வேகமாகச் சுற்றினேன். மறுபடி சிவந்தது.

சத்தம் போட்டேன். யாரும் வரவில்லை.

பொடிசின் முகத்தைப் பார்த்தேன்... குழாயைப் பார்த்தேன்... முகம்... குழாய்...

விட்டுடாதே. விட்டுடாதே கிழவா.

விரல் மரத்தது. இடது கையையும் சேர்த்தேன்.

சுற்று.

சுற்று.

டப்.

விளக்கு எரிந்தது. அதே நேரம் தொப்பை என் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்லத் தெரியவில்லை. தள்ளுங்க தள்ளுங்க என்று என்னை ஒரே இடி இடித்துத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். நான் தரையில் விழுந்தேன். மணி ஒன்று எட்டு.

பின்னாலேயே டாக்டரம்மா வந்தார், நர்சுகள் வந்தார்கள். மெஷின் மறுபடி கரண்டில் ஓடியது. பொடிசுக்கு ஒன்றும் ஆகவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒல்லியை அப்புறம்தான் இறக்கினார்கள். கரண்ட் போனதிலிருந்து நான்தான் சுற்றினேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அதற்கப்புறம் பொடிசு தேறியது. ஒவ்வொரு நாளும் மெஷினின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு காலையில் நெஞ்சு லேசாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். என் கண்ணை நம்பாமல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயை எடுத்த அன்றைக்கு அழுதது. பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. நடக்க முடியாத மகளைத் தள்ளுவண்டியில் கூட்டி வந்து மடியில் வைத்தோம். அந்த மெஷினை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணால் பார்த்தாகிவிட்டதே.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்குத் தொப்பையைத் தனியாகப் பிடித்தேன். பச்சை உடுப்பு போட்ட பொம்பளை யார் என்று கேட்டேன்.

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு உருவம் தெரிந்ததாம். "நான் பார்த்துக்கிறேன்" என்று குரலும் கேட்டதாம். வயிறு முட்டிக்கொண்டு வந்ததால் கைப்பிடியில் கை வைக்கிற வரை பொறுக்காமல் எழுந்து ஓடிவிட்டார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அந்த ஒரு தடவைதான்.

"அது யார் குரல்னு கக்கூஸ்ல போய் உட்கார்ந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு பெரியவரே. எழுந்திருக்கக் கால் வரலை."

இந்த மெஷின் முதன்முதலில் வந்தபோது அதில் உட்கார்ந்தவள் அந்த அக்கா. இவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவள். ஒரு நாள் புயல். கரண்ட் இல்லை, மாற்று ஆள் வந்து சேர முடியவில்லை. விடிய விடியக் கையாலேயே சுற்றியிருக்கிறாள். காலையில் ஆட்கள் போனபோதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கைப்பிடியை வாங்கினார்களாம். குழந்தை பிழைத்துவிட்டது.

டாக்டர் வந்து அவளைப் பார்த்திருக்கிறார். உயிர் போய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றாராம்.

அப்புறம் ஒன்று கேட்டேன். விரலைப் பிரித்தபோது யாராவது அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னார்களா?

"இல்லை. பதட்டத்துல யாருக்கும் தோணலை."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என்னை இடித்துத் தள்ளியபோது அவரும் சொல்லவில்லை.

இப்போது சொல்லேன் என்றேன். அவர் வாய் கோணியது. மெஷினை விட்டுத்தான் குழந்தையை எடுத்தாச்சே, இனி எதைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றது என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

பொடிசு இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது. என் மீசையைப் பிடித்து இழுக்கிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமா இருக்கு, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

ஆனால் தூக்கத்தில் என் வலது கை சுற்றுகிறது. மகள்தான் முதலில் பார்த்தாள். காலையில் தோள்பட்டை உயிரை வாங்கும். தைலம் தேய்த்துவிடுவாள். ஒரு நாள் வலிப்பு என்று நினைத்து மருமகன் ஓடி வந்து என் கையை அமுக்கிப் பிடித்தான். அந்த நொடியே பக்கத்து ரூமிலிருந்து மகள் அலறினாள். பொடிசு மூச்சுத் திணறி நீலமாகிக்கொண்டிருந்தது. நான் அவன் கையை உதறினேன். பொடிசு அழுதது.

அன்றிலிருந்து நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

போன வாரம் மருமகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன். மாமா, நீங்க ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க, பாப்பாவைப் பத்திக் கவலைப்படாதீங்க, இனிமே நான்...

அவன் வாயைப் பொத்தினேன். மிரண்டுபோய்ப் பார்த்தான். அவனுக்கு என்ன தெரியும்? சின்ன வயசு. அவன் தூங்க வேண்டும்.

முந்தாநாள் வரைக்கும் காலையில் எழுந்தால் தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்கும்.

நேற்றிலிருந்து வலிக்கவில்லை.